தோளுக்கு நேர்ந்த காவடி

1

எனக்கு வயது எழுபத்தொன்பது. பெற்றது நான்கு, வளர்த்தது ஏழு. தங்கை காய்ச்சலில் போன பிறகு அவளுடைய இரண்டையும் என்னுடைய நான்கோடு சேர்த்து வளர்த்தேன். ஆறு பேரையும் ஒரே பாயில் வரிசையாகப் படுக்க வைத்தால் எது எந்த வயிற்றுப் பிள்ளை என்று எனக்கே சந்தேகம் வரும். ஏழாவது, கனடாவுக்கு வந்த பிறகு என் கைக்கு வந்த பேரன் ஆரூரன். அவனைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

ஊர்ச் சங்கத்து மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று அச்சுவேலியிலிருந்து செயலாளர் தம்பி தொலைபேசியில் கேட்டார். குளிரைப் பற்றி எழுதினாலும் காணும் என்றார். குளிரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? குளிரும். தடித்த சட்டை போட வேண்டும். முடிந்தது.

நான் நான்காம் வகுப்பு வரை படித்தவள். என் எழுத்துக் குண்டு குண்டாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும். மருமகன் சிவநேசன் கணினியில் அடித்துத் திருத்தித் தருவதாகச் சொன்னார். அடிக்கட்டும், திருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இந்தக் கிழமை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஆரூரனின் வலது தோள் மூட்டு விலகி ஒரு வருடம். போன வருடம் இதே கிழமை இந்த வீட்டில் ஒருவரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இன்றைக்குக் குசினியில் இருந்து அவன் மூன்றாவது தரம் புட்டுக் கேட்கிறான்.

2

என் பேரன் பல்கலைக்கழகத்து ஃபுட்பால் குழுவில் குவாட்டர்பாக். ஊரில் இருக்கிறவர்கள் காலால் உதைக்கிற பந்து என்று நினைக்கக் கூடாது. இது வேறு. பந்து உரிக்காத தேங்காய் போல இரண்டு பக்கமும் கூர்ந்திருக்கும். கையால் எறிவார்கள், கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்கள். மற்றப் பக்கத்தார் ஓடுகிறவனைக் கட்டிப் பிடித்து விழுத்துவார்கள். விழுத்துவது சண்டை இல்லை, அதுதான் விளையாட்டு. இதை விளங்கிக்கொள்ள எனக்கே மூன்று வருடம் பிடித்தது. அதுவரைக்கும் யாரும் விழுந்தால் நான் கதிரையை விட்டு எழும்பி நின்று பேசுவேன்.

குவாட்டர்பாக் என்கிறவன் நடுவில் நிற்கிறவன். அவனுக்கு முன்னால் மலை மலையாய் ஐந்து பொடியன்கள். அவர்களில் நடுவில் நிற்கிறவன் குனிந்து தன்னுடைய காலுக்குள்ளால் பந்தைப் பின்னுக்குக் கொடுப்பான். முதன்முதல் பார்த்தபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பந்து குவாட்டர்பாக்கின் கைக்கு வந்ததும் எதிர்ப் பக்கத்தார் எல்லோரும் அவனை நோக்கித்தான் வருவார்கள். அந்த ஐந்து பேரும் பின்னுக்கு நகர்ந்து நகர்ந்து, இவனைச் சுற்றி ஒரு கூடு மாதிரி வளைத்து நிற்பார்கள். தள்ளலாம், மறிக்கலாம், ஆனால் எதிராளியின் சட்டையைக்கூடப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் தண்டனை. அந்தக் கூடு உடைகிறதற்குள் இவன் தூரத்தில் ஓடுகிற தன்னுடைய ஆளைக் கண்டுபிடித்து எறிய வேண்டும்.

நான் சின்னப் பிள்ளையாய் இருக்கும்போது கோயில் வீதியில் கிளித்தட்டு விளையாடியவள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினால் பெரிய பொடியன்களாலும் என்னை மறிக்க ஏலாது. கோடு எங்கே, ஆள் எங்கே, இடைவெளி எங்கே என்று ஒரே பார்வையில் பிடிக்கிற கண் எனக்கு இருந்தது. ஆரூரனுக்கு அந்தக் கண் எங்கிருந்து வந்தது என்று இங்கே பயிற்சியாளர்கள் யோசிக்கிறார்களாம். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

3

நாங்கள் இருப்பது மொன்றியல் நகரத்துக் கோட்-டெ-நெய்ஜில், நான்காம் மாடி. மகள் வதனி பக்கத்து ஆஸ்பத்திரியில் நோயாளரைத் தூக்கி இறக்கிக் கழுவித் துடைக்கிற வேலை. மருமகன் அந்தக் காலத்தில் இரண்டு இடத்தில் வேலை. ஆகவே குழந்தை என் மடியில் கிடந்தான். அவன் நடக்கத் தொடங்கியதும் நான் பட்ட பாடு கொஞ்சமா? கையில் அகப்பட்டதை எல்லாம் எறிவான். கிழங்கு, கரண்டி, தகப்பனுடைய சப்பாத்து. பனி பெய்தால் உருண்டை பிடித்து, பஸ் தரிப்பிடத்துப் பலகையை எங்கள் வாசலில் நின்றே அடிப்பான். கீழே தெப்பனர் என்கிற சில்லறைக் கடை வைத்திருக்கிற மனிதர் ஒரு நாள் என்னைப் பிடித்து மறித்துக் கதைத்தார். முறைப்பாடு என்று நினைத்து, தெரிந்த இரண்டு பிரெஞ்சுச் சொல்லான போன்ஜூரையும் மெர்சியையும் மாறி மாறிச் சொன்னேன். பேந்து பார்த்தால், பிள்ளைக்கு நல்ல கை, பூங்காவில் பந்துக் குழு இருக்கிறது, கொண்டுபோய்ச் சேருங்கள் என்றாராம். அவருடைய கடையில் இன்றைக்கும் ஆரூரனின் படம் தொங்குகிறது. பக்கத்தில் லொத்தர் மெசின்.

அப்படித் தொடங்கியது. பூங்கா, பிறகு பள்ளிக்கூடம். பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் இங்கே சீஜெப் என்று ஒரு கல்லூரி. அது லொங்குய்யில் கிடைத்தது. மெத்ரோ ரயிலில் ஆற்றுக்குக் கீழால் போய் வருவான். அவனுக்குச் சோறு கட்டிக் கொடுத்தால் வண்டியில் மணக்கிறது என்று வெட்கப்பட்டான். ரொட்டிக்குள் மறைத்துக் கட்டிக் கொடுத்தேன். ஒரு மாதம் போனதும், அம்மம்மா, கூட வையுங்கோ, மற்றவங்களும் கேக்கிறாங்கள் என்றான்.

பல்கலைக்கழகம் அவனைத் தேடி வந்து எடுத்தது. எடுத்தவர்கள் இரண்டு வருடம் ஓரத்தில் நிறுத்தி வைத்தார்கள். தொப்பியைப் போட்டுக்கொண்டு கையால் ஏதோ சைகை காட்டுவான். பக்கத்து வீட்டுப் பூமணி அக்கா ஒவ்வொரு சனியும் கேட்பா, பேரன் விளையாடுறானோ என்று. நிக்கிறான் என்பேன். நிற்பதும் ஒரு வேலைதான் என்று அவவுக்கு விளங்காது. மூன்றாம் வருடம் முன்னுக்கு இருந்தவன் படிப்பு முடித்துப் போக, ஆரூரன் உள்ளே போனான். அதற்குப் பிறகு பூமணி அக்கா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவவே டிவி போட்டுப் பார்த்தா.

வீட்டில் ஒரு குறையும் உண்டு, மறைக்கத் தேவையில்லை. கூட்டாளிகளோடு பிரெஞ்சு, தங்கை மயூரியோடு ஆங்கிலம், என்னோடு மட்டும் தமிழ். அதுவும் குசினித் தமிழ். சாப்பாடு, குளிர், வாறன், போறன். மனதில் இருப்பதைச் சொல்ல அந்தச் சொற்கள் காணாது. ஆகவே அவன் என்ன நினைக்கிறான் என்று அவன் கோப்பை கழுவுகிற சத்தத்தில்தான் நான் பிடிப்பேன்.

4

போன வருடம் அந்தச் சனிக்கிழமை வதனி வேலையில். நானும் மயூரியும் பூமணி அக்காவும் டிவிக்கு முன்னால். ஆரூரன் பந்தை எறிந்துவிட்டான். எறிந்த பிறகு ஒருவன் ஓடி வந்த வேகத்தில் அவனோடு சேர்ந்து விழுந்தான். கீழே இருந்தது வலது தோள். எழும்பவில்லை.

நான் சுவாமி அறைக்குப் போகவில்லை. டிவிக்கு முன்னாலேயே எழும்பி நின்று கைகூப்பிச் சத்தமாகச் சொன்னேன்: “முருகா, அவன்ர தோளைத் திருப்பித் தா. அந்தத் தோளில உனக்குக் காவடி எடுப்பான்.”

மயூரி கேட்டாள். பூமணி அக்கா கேட்டா. நேர்த்தி என்பது வாயிலிருந்து விழுந்தால் விழுந்ததுதான். அதுவும் பூமணி அக்காவின் காதில் விழுந்தால் மொன்றியல் முழுவதும் விழுந்தது மாதிரி.

பேந்து ஆஸ்பத்திரி. இங்கே சூரியன் படம் போட்ட அட்டை ஒன்று தருவார்கள், அதைக் காட்டினால்தான் வைத்தியம். அவனுடைய அட்டையில் திகதி முடிந்திருந்தது. அந்த யன்னலுக்குப் போங்கள், இந்த யன்னலுக்குப் போங்கள் என்று வதனியும் நானும் ஓடினோம். பிள்ளை கையைக் கழுத்தில் கட்டின துணித் தொட்டிலில் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரிக்கிறான். வெட்டித் தைத்தார்கள். மாரி முழுவதும் குசினிக் கதவுப் பிடியில் ஒரு பச்சை ரப்பர் பட்டியைக் கட்டி இழுத்துக்கொண்டே இருந்தான். நான் அதற்குக் கீழால் குனிந்து குனிந்துதான் அடுப்புக்குப் போவேன். பல்கலைக்கழகத்தில் ஒருவர் ஐந்து வருடம்தான் விளையாடலாம். இது ஐந்தாவது. இதை விட்டால் வேறு இல்லை. மேற்கே தூரத்துக் கல்கரியிலிருந்து ஒரு பொடியனையும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள், அவனும் குவாட்டர்பாக். பயிற்சி முகாமில் யார் நன்றாக எறிகிறானோ அவனுக்கு இடம்.

வெயில் காலம் வந்தபோது ஆரூரன் எறியத் தொடங்கினான். மைதானத்து வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். பந்து கையை விட்டுப் போகிற சத்தம் பழைய சத்தமாகவே இருந்தது. முருகன் தன்னுடைய பங்கைச் செய்துவிட்டான். அடுத்தது நாங்கள்.

5

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்கிற புறநகரில் முருகன் கோயில். திருவிழா வருவது பயிற்சி முகாம் நடக்கிற கிழமையில். காவடி எடுக்கிற ஞாயிறு அவனுக்கு ஓய்வு நாள் என்று பார்த்ததும், பார்த்தாயா, எல்லாம் பொருந்தி வருகிறது என்று சொன்னேன். வதனி சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். தோளைப் பார்க்கிற வைத்தியர் சொன்னது அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. அந்தத் தோளில் ஒரு பாரமும் ஏற்றக் கூடாது. புத்தகப் பையைக்கூட மற்றத் தோளில்தான் போட வேண்டும்.

“அம்மா, உங்களுக்கு நேர வேற ஒண்டும் கிடைக்கேல்லையோ? நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறன் எண்டு சொல்லியிருக்கலாமே.”

“அந்த நேரம் தேங்காய் நினைவில வரேல்லை. தோள்தான் வந்தது.”

“பிள்ளை மாரி முழுக்க இழுத்து இழுத்துத் தேத்தின தோள்.”

“அதைத் தந்தது ஆரெண்டு நினைக்கிறாய்?”

மருமகன் மெல்ல எழும்பி, குப்பை கொட்ட வேண்டும் என்று வெளியே போனார். குப்பை அன்றைக்குக் காலையிலேயே கொட்டியாயிற்று.

ஆரூரன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு என்னிடம், “நான் எடுக்கிறன் அம்மம்மா. ஒரு நாள்தானே. அங்க ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்” என்றான்.

அவன் சொன்னால் செய்வான். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. என் வீட்டுக்காரர் ஊரில் ஆட்டக்காவடி எடுத்தால் வீதியே வழிவிடும். அவருடைய தோளும் இவனுடைய தோளும் ஒரே வார்ப்பு. அந்தத் தோளில் மயிலிறகு வைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு நேர்த்திக்கு முன்பே இருந்தது என்றும் சொல்லலாம்.

வதனிக்குக் கண் கலங்கிவிட்டது. “வாய் உங்கட வாய், தோள் மட்டும் என்ர பிள்ளையின்ர தோளோ? நேர்ந்த ஆளே தூக்குங்கோவன்” என்று சொல்லிப்போட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

ஆரூரன் மேசையைத் துடைத்து, கழுவின பாத்திரங்களை அடுக்கினான். பெரிய சட்டி மேல் தட்டில் வைக்கிறது. அதைத் தூக்கினான், அரைவாசியில் நின்றான், இடது கைக்கு மாற்றி வைத்தான். யோசிக்காமலே செய்தான். பிறந்தது முதல் வலது கைக்காரன். பிறகு என்னைப் பார்த்து, சட்டி பாரம் அம்மம்மா என்று சிரித்தான்.

அடுத்த நாள் மருமகனைக் காரை எடுக்கச் சொல்லிக் கோயிலுக்குப் போனேன்.

ஐயர் இளம் ஆள். பூசை முடித்து வந்து முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, “அம்மா, நேர்ந்தது ஆர்?” என்றார்.

“நான்தான்.”

“பிள்ளைக்கு அப்ப தெரியுமோ?”

“அவன் புல்லில விழுந்து கிடந்தவன். அவனுக்கு என்ன தெரியும்.”

“அப்ப சொன்ன வாய்தான் செலுத்த வேணும். நீங்கள் எடுங்கோ. பிள்ளை பாற்செம்போட உங்களுக்குப் பின்னால வரட்டும்.” கொஞ்சம் யோசித்து, “உங்கட முழங்கால் எப்பிடி அம்மா?” என்றார்.

முழங்காலைப் பற்றி முருகனிடம் நான் ஒன்றும் நேரவில்லை, அது தன்பாட்டில் கிடக்கிறது என்றேன். அவர் சிரித்துவிட்டு, பெண்கள் வழக்கமாகப் பாற்செம்பு எடுக்கிறவை, அது போதுமோ என்று கேட்டார். காவடி என்று சொன்னால் காவடிதான் என்றேன். சின்னதாக ஒரு பாற்காவடி தர ஒத்துக்கொண்டார்.

வீட்டில் சொன்னதும் வதனி பதறிப்போனாள்.

“அம்மா, நான் கோபத்தில சொன்னது.”

“கோபத்தில சொன்னாலும் சரியாத்தான் சொன்னனீ.”

6

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இரண்டு பயிற்சி முகாம் நடந்தது. ஒன்று பல்கலைக்கழகத்து மலையடி மைதானத்தில், மற்றது நான்காம் மாடி நடைபாதையில்.

முதலில் வீடு கூட்டுகிற தும்புத்தடியைத் தோளில் வைத்து நடந்தேன். பிறகு அதன் இரண்டு நுனியிலும் தண்ணீர்ப் போத்தல் கட்டினோம். மயூரி தன்னுடைய தொலைபேசியில் காவடிப் பாட்டுப் போட்டாள். எதிர்வீட்டுப் பிலிப்பீன்காரப் பெண் கதவைத் திறந்து பார்த்து, என்ன ஏது என்று கேட்காமலே கை தட்டினா. மாலையில் ஆரூரன் முகாமிலிருந்து வியர்வையோடு வந்து சுவரில் சாய்ந்து நின்று என்னைப் பார்ப்பான். அவனுடைய பார்வை அப்போது பேரனுடைய பார்வை இல்லை. சம்பளம் வாங்குகிற ஒரு பயிற்சியாளரின் பார்வை.

காலைப் பார்க்காதேங்கோ, தூரத்தைப் பாருங்கோ என்பான். அடியைச் சின்னதாக வையுங்கோ என்பான். கால் தன்பாட்டில் வருமாம், கண் கீழே போனால்தான் விழுவோமாம். முகாமில் தனக்கும் இதைத்தான் சொல்கிறார்களாம்: பாய்ந்து வருகிறவனைப் பார்க்காதே, எறியப் போகிற இடத்தைப் பார். அந்தப் பச்சை ரப்பர் பட்டியைக் கதவில் கட்டி என்னையும் இழுக்க வைத்தான். குசினித் தமிழ் போதாமல் போன இடங்களில் கையால் காட்டினான். ஒரு கிழமையில் அவன் என்னோடு கதைத்தது, போன ஐந்து வருடத்தில் கதைத்ததைவிடக் கூட.

முகாம் எப்பிடிப் போகுது என்று கேட்டால் மட்டும் தோளைக் குலுக்குவான். இடது தோளை. கல்கரிப் பொடியனையும் ஒரு நாள் சாப்பிடக் கூட்டி வரச் சொன்னேன். போட்டிக்காரன் என்றாலும் தாய் தூரத்தில் இருக்கிற பிள்ளை. வந்து இடியப்பத்தைக் கத்தியால் வெட்டிச் சாப்பிட்டான். நல்ல பிள்ளை. அதுதான் எனக்குக் கூடப் பயமாக இருந்தது.

கடைசியில் எனக்கு இருந்த யோசனை ஒன்றுதான். தும்புத்தடிக்கு முன்னால் ஒருவரும் வரமாட்டார்கள். கோயிலில் சனம் வரும், இடிக்கும், தேரைப் பார்க்கத் தள்ளும். அதை ஆரூரனிடம் ஒரு தரம் சொன்னேன். ஓம் என்று மட்டும் சொன்னான்.

ஞாயிறு காலை கோயில் வாகனத் தரிப்பிடத்தில் ஒரு வான் வந்து நின்றது. அதிலிருந்து ஐந்து மலைகள் இறங்கின. வண்டியே ஒரு சாண் உயர்ந்தது. ஆரூரனுக்கு முன்னால் நிற்கிற அந்த ஐந்து பேர். நடுவில் நின்று பந்து கொடுக்கிறவன் எமானுவேல், தாய் தகப்பன் ஹெய்ட்டிக்காரர். தாய் என்னுடைய முழங்காலுக்காக ஒரு ஜெபமாலையை அவனுடைய கையில் கொடுத்து அனுப்பியிருந்தாளாம். வேட்டி மடிப்புக்குள் வைத்திருந்தான். வேட்டிக்கும் ஒரு கதை உண்டு. அவர்களுடைய இடுப்புக்கு ஒரு வேட்டி காணாது, முதல் நாள் வதனி இரண்டு இரண்டாகப் பொருத்தித் தைத்தாள். எனக்குத் தெரியாமல் ஆரூரனும் அவளும் செய்த ஏற்பாடு. வடக்கே காட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒலிவியே என்கிற சிவத்தப் பொடியன் வேட்டிக்கு மேலே தோல் பெல்ட் போட்டிருந்தான். கழற்றச் சொன்ன மருமகன் ஒரு நிமிடத்தில் திருப்பிப் போடச் சொல்லிவிட்டார்.

காரின் முன்பக்கத்துத் தூசியில் ஆரூரன் விரலால் வட்டங்கள் கீறினான். இது அம்மம்மா, இது நீ, இது நீ. கையால் ஒருவரையும் பிடிக்கக் கூடாது என்று எமானுவேலுக்குச் சொன்னதும் அவன் சிரித்தான். அது அவர்கள் தொட்டில் காலத்திலிருந்து கேட்கிற சட்டம்.

பூமணி அக்கா பட்டுச்சேலையோடு வந்து நின்று பார்த்தா.

“உவங்கள் ஆரடி, உன்ர மெய்க்காப்பாளரோ?”

“என்ர பேரன்ர முன்வரிசை. இண்டைக்கு எனக்கு இரவல்.”

7

காவடியை ஐயர் என் தோளில் வைத்தார். மயிலிறகு கன்னத்தில் பட்டது. மேளம் தொடங்கியது. ஐந்து பேரும் எனக்கு முன்னும் பக்கமும் வளைந்து, முதுகை எனக்கும் முகத்தைச் சனத்துக்கும் காட்டி நின்றார்கள். பின்னால் ஆரூரன், இடது கையில் பாற்செம்பு. அவனுக்குப் பக்கத்தில் வதனி.

முதல் வீதி நன்றாகப் போனது. சனம் எங்களுக்கு வழி விட்டது மட்டுமில்லை, தேரை விட்டுவிட்டு எங்களைப் படம் பிடித்தது. தார் வீதி சூடேறத் தொடங்கியது. ஒலிவியே வெறுங்காலோடு கோழி மாதிரிக் காலை மாற்றி மாற்றி வைத்தான், ஆனால் இடத்தை விடவில்லை. நான் தூரத்தைப் பார்த்தேன். அடியைச் சின்னதாக வைத்தேன்.

இரண்டாவது திருப்பத்தில் வலது முழங்கால் நின்றுவிட்டது. நோகவில்லை. வேலை செய்ய மாட்டேன் என்று நின்றுவிட்டது. காவடி ஒரு பக்கம் சரிந்தது, பால் தளும்பி என் கையில் ஊற்றியது. பின்னால் தேர் வருகிறது, சனம் நெருக்குகிறது. அந்த ஐந்து முதுகுக்கும் அப்பால் எத்தனை பேர் தள்ளினார்கள் என்று எனக்குத் தெரியாது. முதுகுகள் அசைவது மட்டும் தெரிந்தது.

“பிள்ளையிட்டக் குடு. கடைசித் துண்டுதானே, முருகன் ஒண்டும் சொல்ல மாட்டார்” என்று பூமணி அக்கா வெளியிலிருந்து கத்தினா.

திரும்பிப் பார்த்தேன். ஆரூரன் செம்பைத் தாயிடம் கொடுத்துவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு நின்றான். வலது கை. அவனுக்குப் பின்னால் வதனியின் முகம். வேண்டாம் என்ற சொல் வெளியே வராமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கையை நான் எடுத்திருந்தால் எல்லோரும் வாழ்த்தியிருப்பார்கள். என் ஆசையும் நிறைவேறியிருக்கும்.

“கையைக் கீழ போடு” என்றேன். “அது எறியிற கை.”

அப்போதுதான் எமானுவேல் தலையைத் திருப்பாமலே ஏதோ சொன்னான். பிரெஞ்சில், மெல்லிய குரலில், குழந்தைக்குச் சொல்வது போல. ஆரூரன் எனக்குத் தமிழில் சொன்னான்: “அவசரம் இல்லையாம் அம்மம்மா. நேரத்தை எடுங்கோவாம். தாங்கள் அசைய மாட்டினமாம்.”

ஒவ்வொரு ஆட்டத்திலும் தனக்கும் அவன் இதைத்தான் சொல்வானாம்.

நான் நின்றேன். மேளக்காரர் எனக்காக அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வாசித்தார். இத்தனை வருடம் பந்து எறிகிறவனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவள், எறிகிறதற்கு முன்னால் அவனுக்குக் கிடைக்கிறது என்ன என்று அன்றைக்குத்தான் கண்டேன். மூச்சு வந்தது. முழங்கால் யோசித்துவிட்டு மடங்கியது. சின்ன அடி. இன்னொரு சின்ன அடி. கோயில் வாசல் வந்தது. பாலில் அரைவாசி வீதிக்குப் போயிருந்தது, மிச்சத்தை ஐயர் முருகனுக்கு ஊற்றினார். குறை சொல்லவில்லை.

அன்னதானத்தில் ஐந்து பேரும் சாப்பிட்ட சாப்பாட்டைப் பற்றி டொலார்ட்டில் இன்னும் கதைக்கிறார்கள்.

8

முகாம் முடிந்து பெயர் சொன்ன நாள் ஆரூரன் வந்து சப்பாத்தைக் கழற்றி வைத்தான். நேரே குசினிக்குப் போனான். பெரிய சட்டியைத் தேடி எடுத்தான். வலது கையால் தூக்கி மேல் தட்டில் வைத்தான். பிறகு திரும்பி என்னைப் பார்த்தான். எனக்கு வேறு தமிழ் தேவைப்படவில்லை. வதனி அவனைக் கட்டிப் பிடித்து அழுதாள். மருமகன் மறுபடியும் குப்பை கொட்டப் போனார்.

இடத்தை முருகன் வாங்கிக் கொடுத்தான் என்று நான் எழுத மாட்டேன். முருகன் தந்தது தோள். இடத்தைப் பிடித்தது அவன். கல்கரிப் பொடியன் இப்போது தொப்பி போட்டு ஓரத்தில் நிற்கிறான், அடுத்த வருடம் அவனுடையது. ஞாயிறுகளில் இடியப்பத்துக்கு வருகிறான், கத்தி இல்லாமல் சாப்பிடப் பழகிவிட்டான்.

நாளைக்குச் சொந்த மைதானத்தில் ஆரூரனின் கடைசி ஆட்டம். எதிரே, போன வருடம் தோள் விழுந்த அன்று எதிரே நின்ற அதே குழு. அதற்குப் பிறகு படிப்பு முடித்து, பூங்காவில் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து பழக்கப் போகிறானாம். தெப்பனர்க்காரருக்கு இப்போதே சொல்லிவிட்டான். நாளைக்கு நான் வேலிக்கு வெளியே இல்லை. முன்வரிசைப் பொடியன்கள் நிற்கிற ஓரத்துக்குப் பின்னால், பெற்றோர் இருக்கிற இடத்தில் எனக்கும் கதிரை உண்டு. முழங்காலுக்கு ஒரு போர்வை கொண்டு போகிறேன்.

எழுதி முடிந்தது. பிழை இருக்கும். மயூரிக்கு என்னுடைய எழுத்துப் பிடிபடவில்லை, கிறுக்கல் என்கிறாள். ஆரூரன் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்பு வரை படித்தவன், நானும் ஊரில் நான்காம் வகுப்பு, ஆகவே இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும்தான் ஒரே வகுப்பு. புட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் இருக்கிறான். தாள்களைக் கையில் கொடுத்தாயிற்று. முதல் வரியிலேயே வயதைப் பார்த்துத் தடக்கி, எழுத்துக்கூட்டி, என்னை நிமிர்ந்து பார்க்கிறான்.

வாசி ராசா, பிலத்துச் சத்தமா வாசி. அவசரம் இல்லை. நேரத்தை எடு. நான் அசைய மாட்டன்.